திங்கட்கிழமைக்கு ஒரு கதவு

மலாயாவின் கிள்ளானில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. துறைமுகத்திலிருந்து இன்ஜினும் சக்கரமுமாக மொட்டையாய் வரும் வண்டிக்குச் சட்டம் நிறுத்தி, கூரை போட்டு, இருக்கை பதித்து, கதவு மாட்டி அனுப்புவார்கள். எந்த வண்டிக்கு என்றைக்கு என்ன வேலை, யார் கை என்று பலகையில் எழுதுகிறவர் ரெங்கசாமி மேஸ்திரி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர். பதினொரு வருஷமாகச் சாக்கட்டி அவர் கையில்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் எந்த வண்டியிலாவது ஒரு கதவை மாட்டாமல் விட்டுவிடுவார்.

அந்த வருஷம் புது மானேஜராக வந்த சீவரத்தினம் யாழ்ப்பாணத்தார்; கறாரானவர். மாட்டாத கதவு அவர் கண்ணை உறுத்தியது.

"கிழமைக்குக் கிழமை மிச்சம் வைக்கிறீர், மேஸ்திரி. இனியும் இப்பிடியெண்டால் பலகையை வேற ஆள் எழுதட்டும்."

ரெங்கசாமிக்குப் பலகை போனால் ஐம்பது வயதில் மறுபடி சுத்தியல்தான். அந்தச் சனிக்கிழமை எல்லாக் கதவையும் மாட்டச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழரை. மிச்ச வேலை ஒன்றும் இல்லை; பட்டறையில் நின்றது துறைமுகத்திலிருந்து வந்த புது வண்டி மட்டும்தான். பட்டறை ஆட்கள் பதினேழு பேரும் உளி தீட்டினார்கள். தச்சன் வேலாயுதம் தீட்டிய உளியையே திரும்பத் தீட்டினான். மானேஜர் வந்து பார்த்துவிட்டுச் சிவந்துபோனார்.

"ஏன் சும்மா நிக்கிறீங்கள்?"

"ஒம்பது வரைக்கும் ராகு காலம்ங்க. மிச்ச வேலைன்னா செய்வோம்; புது வண்டில கை வைக்க மாட்டோம்," என்றான் வேலாயுதம்.

"வேலைக்கு என்ன ராகு காலம்? சாக்கட்டியைத் தாரும், மேஸ்திரி."

ரெங்கசாமி சாக்கட்டியை மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு தாளையும் நீட்டினார்.

"புது வண்டிக் கடுதாசி, ஐயா. உங்க கையெழுத்து இருந்தாத்தான் ஸ்டோர்ல மரம் தருவாங்க. இந்த வண்டிக்கு முதல் கையெழுத்து."

சீவரத்தினம் பேனாவைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு அடிக்கப் பத்து நிமிஷம். பேனாவை மூடினார்.

"ஒம்பதுக்குப் பிறகு கொண்டு வாரும்."

உளி தீட்டும் சத்தம் சட்டென்று நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. சாக்கட்டி மேசைமேலேயே கிடந்தது. மானேஜர் அதை விரலால் ரெங்கசாமி பக்கம் தள்ளினார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மானேஜர் பட்டறையைச் சுற்றி வந்தபோது, எல்லா வண்டியிலும் கதவு இருந்தது. பயம் தெளியாத ரெங்கசாமி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"ஒரு கதவைக் கழட்டி வையும்," என்றார் சீவரத்தினம்.