ஸ்கேனில் தெரியாத வலி

அம்மனின் பிள்ளைகளே, எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் மேலூரில் பிறந்தவள். கப்பலூரில் பை தைக்கும் கம்பெனியில் வேலை. வயதுக்கு வந்ததிலிருந்தே மாதவிலக்கு என்றால் இடுப்பைப் பிய்த்து எடுக்கும் வலி. வாந்தி வரும். கால் மரத்துப்போகும். கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்கள். ஆனது. பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்கள். பிறக்கவில்லை. எடுத்த ஸ்கேனெல்லாம் நார்மல். ஒரு டாக்டர், "மனசைத் தைரியமா வச்சுக்கம்மா" என்று சத்து மாத்திரை எழுதினார்.

அழுகை நின்றுபோனது. என் வலி பொய்யோ என்று எனக்கே தோன்றியது. சாப்பிட்டேன், தைத்தேன், படுத்தேன். எதிலும் நான் இல்லை.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுபடியும் நார்மல் என்ற ரிப்போர்ட்டோடு அத்தையும் நானும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். அத்தை என்றால் என் மாமியார். அதிகம் பேச மாட்டார். வண்டியூர் மாரியம்மனைக் கும்பிட இறங்கினோம். எனக்கு விலக்கு நாள். அத்தை உள்ளே போனார். நான் தெப்பக்குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

பிள்ளை கேட்கவில்லை. வலி போகட்டும் என்றும் கேட்கவில்லை. அதற்குக்கூடத் தெம்பு இல்லை. "ஆத்தா, இது வலிதான்னு ஒருத்தராச்சும் நம்பணும்" என்றேன். அவ்வளவுதான். அப்படியே குமட்டி, தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை வந்து பார்த்தார். தீட்டு என்று தள்ளி நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார்.

"எம்புட்டு நாளாடி இப்படி?"

"பள்ளிக்கூடம் படிக்கையில இருந்து அத்தை."

அத்தை என் நெற்றியில் குங்குமம் வைத்தார். "வேற டாக்டரைப் பாப்போம். நானும் வாரேன்."

அடுத்த வாரம் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். நான் வாய் திறக்குமுன் அத்தை சொன்னார்: "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு திருப்பி அனுப்பிராதீங்கம்மா. எம் மருமக பொய் சொல்ல மாட்டா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்கேன்ல தெரியாமலும் இருக்கும்மா. நீங்க சொல்லுங்க, கேக்குறேன்" என்று என் பக்கம் திரும்பினார். என் வலியை முழுசாகச் சொன்னது அன்றுதான்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்தோல் மாதிரியான சதை வெளியே சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்ந்திருந்தது. என் கணவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. "அப்ப நெசமாவே இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

முடிந்தவரை அகற்றினார்கள். மாத்திரை ஓடுகிறது. வலி முழுக்கப் போகவில்லை; பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. பிள்ளை உண்டா இல்லையா, தெரியாது. ஆனால் இப்போது வலிக்கும்போது, வலிக்கிறது என்று சத்தமாகச் சொல்கிறேன். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறார்கள்.

என்னைப் போல மரத்துக் கிடக்கும் சகோதரிகளே, அம்மன் தாயிடம் சொல்லுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம், கோயிலுக்குள் போக முடியாத நாளிலும் சொல்லுங்கள். அப்படியே பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். அவள் யார் வாயால் பதில் சொல்வாள் என்று நமக்குத் தெரியாது.