வாய் திறக்காத வர்ணனையாளர்

மண்டபம் கபடிப் போட்டியில் வர்ணனை செய்த அந்த ஆளை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். வெள்ளைச் சட்டை, கனத்த மோதிரம், இரும்புக் குரல். ராமநாதபுரம் அணி ஒரு புள்ளி எடுத்தால் போதும், அவர் அலறல் எங்கள் அகதி முகாம்வரை கேட்கும். நாங்கள் எடுத்தால் மைக்கை மடியில் கவிழ்த்து சோடா குடிப்பார்.

தோல்வியே அறியாத அவர்களைக் கடைசி ரெய்டில் வீழ்த்தினோம். அவர் வாயே திறக்கவில்லை.

"ஆர் வெண்டதெண்டு சொல்லுங்கோ அண்ணே!"

"தொண்டை கட்டிருச்சு. அங்கன தள்ளி நில்லுலே," என்றார் கணீரென்று.

கோப்பையோடு முகாமுக்கு ஓடினோம். வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அவன்தான். கடைசியில ஸ்பீக்கர் ஊமையாப் போச்சே, அப்பவே விளங்கீட்டுது."