குமணன்சாவடியில் நான்கு நிமிடம்

என் இயர்போனின் ஒரு முனையில் பச்சை நூல் சுற்றியிருக்கும். சரிபார்த்து முடித்த பெட்டிகளுக்கு அட்டை கட்ட எங்கள் தொழிற்சாலையில் பயன்படுத்தும் நூல். "இது என்னுது, அது உன்னுது. மாத்திக்காத, காது நோவு ஒட்டிக்கும்" என்று சொல்லி, அக்கா தன் கையால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். நூல் இப்போது சாம்பல் நிறமாகிவிட்டது. பச்சை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பதால்தான் பச்சை என்கிறேன்.

அக்கா எனக்கு உறவில்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அவர் பேக்கிங் பிரிவில் இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் பின்னாலுள்ள தெருவில் பிறந்து அங்கேயே வாழ்பவர். நான் சேலத்திலிருந்து வந்து அதே பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறியவள். காலை ஆறு முப்பத்தைந்துக்குக் கம்பெனி பஸ்ஸில் இருவரும் ஒரே நிறுத்தத்தில் ஏறுவோம். இடதுபக்கம் மூன்றாவது இருக்கையில் ஜன்னலோரம் அவருக்கு, பக்கத்தில் நான்.

அந்தப் பயணங்களில்தான் எனக்குக் குற்றக் கதை பாட்காஸ்ட் பழக்கம் பிடித்தது. ஏதோ ஒரு நாள் தற்செயலாகக் கேட்ட ஒரு பகுதி: துப்புத் துலங்காத கொலை, தணிந்த குரலில் சொல்லும் ஒரு ஆண். மறுநாள் இன்னொன்று. இரண்டு மாதத்தில் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் காதில் யாராவது இறந்துகொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், மழை, தண்ணீர் வந்த நேரம், யார் வந்தார்கள் என்று எழுதி வந்த பக்கங்களில், முகம் தெரியாதவர்கள் கடைசியாகக் காணப்பட்ட நேரமும் உடுத்தியிருந்த உடையின் நிறமும் நிரம்பத் தொடங்கின. கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். என் மகளின் பத்தாம் வகுப்பு முடிவு வந்த நாளில் அவள் மதிப்பெண் ஒரு வரி. அதன் கீழே, வடக்கே எங்கோ காணாமல் போன ஒரு குமாஸ்தாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அது அப்படித்தான் இருந்தது.

"இன்னாம்மா, மூஞ்சி பேயறைஞ்சா மாதிரி கீது? அப்பிடி இன்னாத்த கேட்டுகினு வர்ற? எனக்கும் ஒண்ணு குடு" என்று அக்கா கேட்டதில்தான் இயர்போன் ஆளுக்கொரு முனையாகப் பிரிந்தது. அதன் பிறகு, நாங்கள் ஏறும்போதே டிரைவர் அண்ணன், "இன்னாக்கா, இன்னிக்கு யாரு போய்ட்டாங்க?" என்பார். "உன்னிய மாதிரி ஒரு டிரைவருதான். ரொம்ப பேசனான், அடிச்சிட்டாங்க" என்பார் அக்கா.

அவர் கேட்கும் விதம் வேறு. யார் செய்தது, எங்கே ஓட்டை என்று நான் தேடிக்கொண்டிருப்பேன். அவரோ, "அந்தப் பொண்ணோட அம்மா இப்ப எங்க கீது? யாரு சோறு போடறாங்க அதுக்கு?" என்பார். நிகழ்ச்சியில் அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். எனக்குச் சற்று எரிச்சலாகக்கூட இருக்கும். இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆட்களை ஏற்றிக்கொள்ள பஸ் குமணன்சாவடியில் நிற்கும்போது, கதை எந்த இடத்தில் இருந்தாலும் தன் முனையைக் கழற்றிவிடுவார். பஸ் கிளம்பிய பிறகே மறுபடி மாட்டிக்கொள்வார். "குமணன்சாவடி, அக்கா கழற்றினார், நான்கு நிமிடம்" என்று பல நாட்கள் குறித்திருக்கிறேன். சந்திப்பின் இரைச்சல் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காணாமல் போன ஒரு பையனைப் பற்றிக் கேட்ட காலையில் அவர் மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊட்லயும் ஒருத்தன் இப்டிதான்."

தம்பி. இருபத்திரண்டு வயதில், பதினாறு வருடங்களுக்கு முன், ஒரு காலை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போனவன். குமணன்சாவடி நிறுத்தத்தில் நின்றதைத் தெருக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அக்கா சொல்லி முடித்தபோது எனக்கு வந்தது முதலில் இரக்கம் இல்லை. மனம் துள்ளியது. என் பக்கத்து இருக்கையிலேயே ஒரு துலங்காத வழக்கு.

மூன்று வாரம் கேள்விகளாகக் கேட்டேன். என்ன சட்டை, யார் கடைசியாகப் பேசியது, சண்டை எதற்கு. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். யாராவது கேட்கிறார்களே என்ற ஆறுதல் அவருக்கு இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பிரிவின் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் நிரப்பினேன். ஒரு பாகம் பழுதாகித் திரும்பி வந்தால் ஏன் என்று கேட்போம். கிடைக்கும் பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து ஏன். ஐந்தாவதின் கீழே 'மூல காரணம்', அதன் கீழே 'பொறுப்பு'. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம்.

ஏன் போனான்? சண்டை. ஏன் சண்டை? மூன்று நாளாகப் பட்டறைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை? முதலாளி அடித்துவிட்டார். ஏன் வீட்டில் சொல்லவில்லை? அக்காவிடம் பயம். ஏன் பயம்? அந்த வேலையைக் கெஞ்சி வாங்கிக் கொடுத்ததே அக்கா. கை பழக்கத்தில் ஓடியது. கடைசிக் கட்டத்தையும் நிரப்பினேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில், அவனைக் கடைசியாகப் பார்த்த நேரம் சரியா என்று கேட்கத்தான் அதை நீட்டினேன். அக்காவுக்கு அந்தப் படிவம் பழக்கமானது. அவர் பிரிவுப் பலகையில் வாரம் ஒன்று ஒட்டியிருப்பார்கள். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக இறங்கினார். விரல் ஐந்தாவது கட்டத்தைத் தாண்டும்போதுதான், 'பொறுப்பு' என்ற கட்டத்தில் 'அக்கா' என்று எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

"என் தம்பி இன்னா, ரிஜெக்சன் பீஸா?" என்றார்.

படிவத்தை என் மடியில் வைத்தார்.

"இது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பதினாறு வருசமா தெரியும். நீ கட்டம் வேற போட்டுக் காட்டணுமா?"

மறுநாள் அவர் வலதுபக்க வரிசையில் போய் உட்கார்ந்தார். "இன்னா, ரெண்டு பேரும் காய் உட்டுக்கினீங்களா?" என்று டிரைவர் அண்ணன் கேட்டார். ஆறு நாள் அப்படியே போயிற்று. நான் நிகழ்ச்சி எதையும் கேட்கவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குமணன்சாவடி, அக்கா கழற்றினார், நான்கு நிமிடம். அடுத்த வாரமும் அதே வரி. அந்தப் படிவத்தில் 'கடைசியாகப் பார்த்த இடம்' என்று என் கையால் எழுதியதும் அதே பெயர். எத்தனை வழக்குகளில் போலீஸ் கண்முன் இருந்ததைப் பார்க்கவில்லை என்று நான் உச்சுக்கொட்டியிருக்கிறேன்!

நிறுத்தம் இருப்பது இடதுபக்கம். என்மேல் கொண்ட கோபத்தால் வலதுபக்கம் போய், ஆறு காலைகளாக அவர் அந்த நிறுத்தத்தைப் பார்க்கவில்லை.

ஏழாம் நாள், ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, இங்க வாங்க. நான் பேச மாட்டேன்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே வந்து உட்கார்ந்தார். குமணன்சாவடியில் பஸ் நின்றது. ஏன் என்ற சொல்லே வராமல் ஒரு கேள்வி கேட்க எனக்கு அன்றுதான் முடிந்தது.

"நான் எந்தப் பக்கம்கா பாக்கட்டும்?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்த டீக்கடையாண்ட பாரு. தோள ஒரு பக்கமா சாச்சிதான் நடப்பான். இப்ப எங்கப்பன மாதிரியே வழுக்க உழுந்திருக்கும், அத்த மறந்துடாத" என்றார். நான்கு நிமிடமும் பார்த்தோம். பஸ் கிளம்பியதும், பச்சை நூல் கட்டிய முனையை அவரே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அக்கா ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. முழங்கால் வலி, ஏரிக்கரை வரைதான் நடக்கிறார். அந்தப் படிவம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. கடைசி இரண்டு கட்டங்களையும் அழித்துவிட்டேன். மறுபடி எதுவும் எழுதவில்லை. நிகழ்ச்சியை இப்போதும் கேட்கிறேன், விட முடியவில்லை. ஆனால் முடிந்ததும், அந்த அம்மா சாப்பிட்டிருப்பாளா என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜன்னலோரத்தில் இப்போது நான் உட்காருகிறேன். குமணன்சாவடி வந்ததும் என் முனையைக் கழற்றிவிட்டு நிறுத்தத்தையும் டீக்கடையையும் பார்க்கிறேன். பஸ் கிளம்பியதும் அக்காவுக்குப் போன் செய்வேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவார்.

"பாத்தியா?"

"பாத்தேன்கா. இன்னிக்கி இல்ல."

"சரி. வழுக்கைய மறந்துடாத."

பச்சை நூல் கட்டிய முனை என் மடியில் கிடக்கும்.