ஓவியக் கூடத்தில் கேட்ட சத்தம்

பகல் பதினொன்று நாற்பதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம் இருந்ததால் நேரம் மறக்கவில்லை. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக் கிடந்த சமயம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ஊர் சுற்றக் கிளம்புவது அப்போதுதான். என் கணவர் எம். புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன்; சீசனில் வீட்டில் அவர் முகத்தைப் பார்ப்பதே அரிது. நான் விருதுநகரில் வளர்ந்தவள், திருத்தங்கலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மகள் அப்போது ஏழாவது படித்தாள். திருவனந்தபுரத்தில் கோவிலும் கடலும் பார்த்தாயிற்று. ஓவியக் கூடத்துக்கும் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான்.

தோட்டத்துக்கு நடுவே, மேட்டில், பல வாசல்கள் வைத்த பழைய கட்டிடம். உள்ளே போனதும் மகள் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

“யம்மா, இந்த சரஸ்வதி நம்ம வீட்டுக் காலண்டர்ல இருக்கவ மாதிரியே இருக்கா.”

“அதுக்கா டிக்கெட் எடுத்து வந்தோம்? நம்ம ஊர்ல புது வருசத்துக்குச் சும்மாவே குடுப்பாக, தேதியும் போட்டு,” என்றார் கணவர்.

காவலுக்கு நின்ற பெரியவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மகள் அடுத்த அறைக்குப் போனாள். நான் ஒரு பெண் மாம்பழம் நறுக்கும் படத்தைப் பார்த்தபடி நின்றேன். அவள் சேலை மடிப்பில் விழுந்திருந்த வெளிச்சத்தை எப்படி வரைந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் டமாரென்று வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரும்பினால் கணவரைக் காணோம். அவர் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் மட்டும் தரையில் உருண்டுகொண்டிருந்தது.

“ரோட்டில் லாரி டயர் வெடிச்சதாக்கும். பயப்பட வேண்டாம்,” என்றார் காவலர்.

சற்று நேரத்தில் கணவர் மூச்சிரைக்க, அசட்டுச் சிரிப்போடு உள்ளே வந்தார். “காலு தன்னால ஓடிருச்சு.”

“பொண்டாட்டிய விட்டுட்டா?” என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் கேட்டார்: “பாப்பா எங்கன?”

அடுத்த அறையில் அவள் இல்லை. அதற்கடுத்த அறையிலும் இல்லை. படம் பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவள் பெயரைக் கத்தினேன். வீட்டுக்கே ஒரு செல்போன்தான், அதுவும் என் பையில் கிடந்தது. மொழி தெரியாத ஊர், தோட்டத்து வாசலைத் தாண்டினால் பெரிய ரோடு. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருந்தால்? மறுபடி முதல் அறையிலிருந்து தேடலாம் என்று கணவரை இழுத்தேன். அவர் பின்வாசல் பக்கம் பார்த்தபடி நின்றார்.

“நம்ம புள்ள சத்தம் கேட்டு உள்ள நிப்பாளா? வெளியதான் இருப்பா. நீ இங்கனயே நில்லு. ரெண்டு பேரும் அலைஞ்சா, அவ வந்தா யாரப் பாப்பா?”

சொல்லிவிட்டு ஓடினார். பட்டாசு வேலை நடக்கும் ஊர்களில் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித் தருவதில்லை. கேட்டுக் கேட்டே படிந்துவிடும். சத்தம் கேட்டால் யாரையும் தேடாதே. பக்கத்து வாசல் வழியாக ஓடு. வெட்டவெளியில் போய் நில். ஆள் வந்து கூப்பிடும்வரை திரும்பி வராதே. விருதுநகரில் வளர்ந்த எனக்கு அது கேள்விப்பட்ட விஷயம். என் கால்களுக்குத் தெரியாது.

பின்வாசல் படியில் நின்றேன். காவலர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார முடியவில்லை.

“மகள் புத்திசாலிதானே?” என்றார்.

“சொன்ன பேச்சைக் கேக்கிறவ,” என்றேன். அன்றைக்கு அதுதான் பயமாக இருந்தது. யாரும் போய்க் கூப்பிடாவிட்டால் அவள் நின்ற இடத்திலேயே நிற்பாளே.

அது நல்ல பயணம்தான் என்று இன்றும் யார் கேட்டாலும் சொல்வேன். அன்று சாயங்காலம் மூவரும் நேந்திரம்பழ பஜ்ஜி தின்றுகொண்டு ஊரெல்லாம் நடந்தோம். ஆனால் கல்யாண வீட்டு வாசலில் யாராவது வெடி போட்டால், இப்போதும் என் கை அவள் கையைத் தேடுகிறது. அவளுக்கு அதில் கூச்சம்.

அன்று நான் படியிலேயே நிற்கையில், தோட்டத்துச் சரிவில் முதலில் கணவரின் தலை தெரிந்தது. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள். கீழே மரமில்லாத புல்வெளியின் கடைசியில், தன்னந்தனியாகக் கட்டிடத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். என்னைக் கண்டதும் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று கைகளை விரித்தேன். அவள் என் தோளில் ஓங்கி அடித்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

“சத்தம் கேட்டுச்சுல்ல? எம்புட்டு நேரமா வாசலயே பாத்துக்கிட்டு நின்னேன், தெரியுமா? நீ ஏம்மா ஓடியாரல?”