‘நம்ம’ என்று தட்டினால்

அது ஆவணியில் ஒரு சனிக்கிழமை. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்ததால் கிழமை மறக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து காலை பஸ்ஸில் திண்டிவனம் போயிருந்தேன். மாமா, அதாவது அக்காவின் கணவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அதில் டெக்ஸ்ட் எடிட்டரைப் போட்டுக் கொடுத்தது நான்தான். கடிதத்தை அதிலேயே அடித்து அங்கிருந்தே மெயிலாக அனுப்பலாம். அவருக்கு முகவரிகளைப் பிசகில்லாமல் அடிக்க வராது. பாதி மெயில் திரும்பி வந்துவிடும். அதனால் சுருக்கங்கள் அமைத்தேன். ஒரு ஃபைலில் வரிக்கு ஒரு சுருக்கம், பக்கத்தில் அதற்குரிய முகவரி. மெயிலின் முகவரி வரியில் சுருக்கத்தை அடித்து ஸ்பேஸ் தட்டினால் முழு முகவரியும் வந்து நிற்கும். மகளுக்கு ‘பாப்பா’. சென்னையிலும் துபாயிலும் இருக்கும் அவருடைய இரண்டு தம்பிகளுக்கும் எனக்கும் சேர்த்து ‘நம்ம’. வீட்டு விஷயங்கள் எல்லாம் அதில்தான் போகும். வாட்ஸ்அப்பை அவர் நம்பவில்லை. “அதுல போட்டா ஊரே படிக்கும்” என்பார்.

அன்றைய வீட்டு விஷயம் சிக்கலானது. மாப்பிள்ளை வீடு கிளியனூர். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்று, பூ வைக்க வந்த அன்றே மாப்பிள்ளையின் அப்பா சொல்லியிருந்தார். மாமாவும் தலையாட்டிவிட்டார். மகளைக் கேட்கவில்லை. சென்னையிலிருந்து முந்தின நாள் வீட்டுக்கு வந்தவள், வேலையை விடமாட்டேன், அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

“சொல்லிட வேண்டியதுதானே மாமா?” என்றேன்.

“இன்னா மச்சான் வெளாடறியா? வெள்ளிக்கெழம தட்டு மாத்தணும். இப்ப போயி பேஜாரு பண்ணிக்கினு. கல்யாணம் ஆவட்டும், பாத்துக்கலாம்.”

அதையேதான் எழுதினார். ‘பாப்பா வேலையை விடமாட்டேன் என்கிறாள். சம்பந்தி வீட்டுக்கு இப்போது தெரிய வேண்டாம். தாலி ஏறிய பின் அவர்களே பழகிக்கொள்வார்கள்.’ மேலே ‘நம்ம’ என்று அடித்து, ஸ்பேஸ் தட்டி, அனுப்பியும் விட்டார்.

என் போனிலும் அந்த மெயில் வந்து விழுந்தது. எனக்கு எதையும் மேலே உள்ள முகவரி வரியிலிருந்தே படிக்கும் பழக்கம். மூன்று முகவரிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன.

“மாமா, இது யாரு?”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “கிளியனூர் சம்பந்தி” என்றார்.

பூ வைத்த மறுநாள் மாமாவே ஃபைலைத் திறந்து ‘நம்ம’ வரியின் கடைசியில் அதைச் சேர்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “பூ வெச்சப்பறம் அவரும் நம்ம ஆளுதானே. அவர மட்டும் தனியா வெச்சா நல்லாவா இருக்கும்?” இந்த ஒரு முகவரியில் மட்டும் ஓர் எழுத்தும் பிசகவில்லை.

திரும்ப எடுக்க வழி உண்டா என்றார். இல்லை என்றேன்.

“ஜல்தி போன் பண்ணுங்க. தெரியாம வந்துடுச்சி, படிக்காதீங்கன்னு சொல்லுங்க” என்றாள் அக்கா.

“படிக்காதீங்கன்னா மொதல்ல அதத்தான் படிப்பாரு.”

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த மகள், திரையில் இருந்ததைப் படித்தாள். “சொல்லுன்னு சொன்னேன். நீ மறைக்கச் சொல்லி எழுதிக்கினு இருக்க” என்றாள். மாமா அவளைப் பார்க்காமல் மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தார்.

போன் அடித்தது. கிளியனூர். எடுக்கும்போதே கை பட்டு ஸ்பீக்கர் ஆனது.

“சம்பந்தி, மெயில் பாத்தேங்க.” குரலில் கோபமே இல்லை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. “இது நீங்களா எழுதுனதா, பொண்ணு சொன்னதா?”

மாமா மகளைப் பார்த்தார். மகள் போனை வாங்கிக்கொண்டாள்.

“வேலய வுடமாட்டேன்னு சொன்னது நான்தாங்க மாமா. மறைக்கச் சொன்னது நான் இல்லீங்க.”

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. அவர் இவளிடமே கேட்டார்.

“பையனுக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டேங்க. உங்ககிட்ட யாரு சொல்றதுன்னுதான் ரெண்டு பேரும் பயந்துக்கினு இருந்தோம்.”

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். போகவில்லை.

“எங்கிட்ட பயமா” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு, “அப்பாகிட்ட சொல்லும்மா. வெள்ளிக்கெழம நானும் வீட்டுலயும் பையனும் மட்டும் வர்றோம். ஒக்காந்து பேசணும். தட்டு மாத்தறது பேசுனப்பறம்.” வைத்துவிட்டார்.

“நின்னுபோச்சின்றாரா, நடக்கும்ன்றாரா?” என்று மாமா என்னைக் கேட்டார்.

“பேச வர்றேன்றாருப்பா. எங்கூட” என்றாள் மகள்.

அக்கா சமையல்காரருக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை விருந்து வேண்டாம், டிபன் போதும் என்றாள். வைக்கப் போனவள் சற்று யோசித்து, கேசரி மட்டும் கட்டாயம் இருக்கட்டும் என்றாள்.