ஒரு சிட்டிகை உப்பை நம்பி

எனக்குக் கல்யாணம் முடிவானது ஒரு சிட்டிகை உப்பால்தான். இதைச் சொன்னால் என் கணவர் முறைப்பார். முறைக்கட்டும்.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். வந்த வரன்களிடமெல்லாம் நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்குப் பிறகு அம்மா என்னோடு இருப்பாள். இதைக் கேட்டதும் சிலர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். சிலர் "பேசிக்கலாம்" என்றார்கள். பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

திருவனந்தபுரத்திலிருந்து வந்தவர் மட்டும் யோசிக்கவே இல்லை. "அத்தைக்குத் தனி ரூம் உண்டு, நல்ல காத்து வரும். ஒரு குழப்பமும் இல்ல, கேட்டோ" என்றார். தலைமுறைகளாக அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி மலையாளம். அங்கே குழப்பம் என்றால் பிரச்சினை என்று அர்த்தம். அம்மாவுக்கு அது தெரியாது. அவர்கள் போன பிறகு, "யாருக்குட்டி கொழப்பம்? நீ தெளிவாத்தானே கேட்டே?" என்றாள்.

அவ்வளவு சுலபமாக வந்த சம்மதம்தான் எனக்கு உறுத்தியது. நிபந்தனையைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மாவின் தம்பியிடம், அதாவது என் மாமாவிடம், நன்றாக விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

மாமா மாப்பிள்ளையின் மேலதிகாரியையே போனில் பிடித்துவிட்டார். அவர் மலையாளி. மாமாவுக்கு மலையாளம் வராது, அவருக்குத் தமிழில் பேசக் கூச்சம். ஆகவே இரண்டு பேரும் ஆங்கிலத்தில் இறங்கிவிட்டார்கள். மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க ஆங்கிலத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்ததால், அது தனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பேசி முடித்துவிட்டு வந்த மாமாவின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "எக்கா, தங்கமான பையனாம். 'அவன் எதச் சொன்னாலும் ஒரு பிஞ்ச் ஆஃப் சால்ட்டோட எடுத்துக்கிடுங்க'ன்னாரு. பிஞ்ச்னா சிட்டிகை, சால்ட்னா உப்பு. உப்பத் தின்னவனாட்டம் விசுவாசமா இருப்பாங்காரு. பெரிய மனுஷன் வாயால இதுக்கு மேல என்ன வேணும்?"

எங்களுக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. "உப்புப் போட்டுத்தானே திங்கே?" என்று திட்டு வாங்கி வளர்ந்தவள் நான். உப்பு என்றால் சொரணை, நன்றி, சொன்ன சொல். அது வேறு எதையாவது குறிக்கும் என்று பி.காம் படித்த எனக்கும் தோன்றவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் முடிந்து, திருவனந்தபுரத்தை ஒட்டிய நேமத்தில் குடித்தனம். அம்மா பாளையங்கோட்டை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்துவிட்டு வருவதாக ஏற்பாடு. வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது, அவரும் அடுத்த ஆளைப் பிடித்துவிட்டார்.

முதல் வாரத்திலேயே என் கணவரின் பேச்சு எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. "நம்ம மாடியில நின்னா கப்பல் காணும்" என்று பெண் பார்க்க வந்தபோது சொல்லியிருந்தார். மாடியில் நின்றால் தென்னை மரம்தான் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தபோது, வெகு தூரத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக் கிரேன்களின் உச்சி மட்டும் தெரிந்தது. "போனக்காட்டுல நமக்கொரு எஸ்டேட் பங்களா உண்டு" என்றார். அந்த மலையூருக்குப் போய்ப் பார்த்தால், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பரின் ஒற்றை அறை வீடு. அந்த வீட்டம்மா எங்களுக்குப் படுக்க இடம் கொடுத்துவிட்டு, தான் அடுப்படியில் படுத்துக்கொண்டார். "தோ வந்துட்டேன்" என்று போனில் சொன்னால், அப்போதுதான் ஆபீஸிலிருந்து கிளம்புகிறார் என்று பொருள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கேட்கிறவர் முகம் மலர வேண்டும், அவ்வளவுதான். அதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்.

அம்மாவுக்கென்று சொன்ன காற்றோட்டமான அறையையும் பார்த்தேன். அடுப்படியை ஒட்டி, மேலே சின்ன ஓட்டை மட்டும் இருந்த அறை. உள்ளே உடைந்த ஃபேன், அட்டைப் பெட்டிகள், யாரோ விட்டுப்போன சைக்கிள். காலி செய்து தாருங்கள் என்று தினமும் கேட்டேன். "சரியாக்காம், ஒரு குழப்பமும் இல்ல" என்று தினமும் பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய மேலதிகாரி எங்களை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தார். மாமாவோடு போனில் பேசிய அதே மனிதர். சாப்பிட்டு முடித்து என் கணவர் கை கழுவப் போயிருந்தபோது நான் நன்றி சொன்னேன். "சார், நீங்க அந்த பிஞ்ச் ஆஃப் சால்ட் சொன்னதாலதான் எங்க வீட்டுல சம்மதிச்சாங்க."

அவர் விழித்தார். "அது கேட்டிட்டா சம்மதிச்சு?"

"ஆமா சார். உப்பு... விசுவாசம்..."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "மோளே, அதுக்கு அர்த்தம் வேற. அவன் பறயுன்னது முழுவன் விஸ்வசிக்கண்டா. சொல்றது எல்லாத்தையும் நம்பக் கூடாதுன்னு. நல்லவன்தான், பக்ஷே கொஞ்சம் கூட்டிச் சொல்லுவான்."

எந்த உப்பை நம்பி நான் தலையாட்டினேனோ, அது நம்பாதே என்று சொல்லி அனுப்பிய உப்பு. கப்பலும் பங்களாவும் போனால் போகட்டும். அம்மாவைப் பற்றிச் சொன்னதும் அதே வாய்தானே? அங்கே வீடு கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இங்கே சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. முட்டுவலியோடு அம்மா பெட்டியும் கையுமாக வந்து நின்றால் எங்கே போவாள்? மாமாவைத் திட்டத் தோன்றியது. ஆனால் திட்டினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அம்மாவோடு போனில் பேசும்போதெல்லாம், "இங்க எல்லாம் தயாரா இருக்கும்மா" என்று நானும் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன்.

அம்மா வர வேண்டிய நாளன்று எனக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. "நீ ஜாயின் பண்ணு. நான் போய் அத்தையக் கூட்டிட்டு வரேன்" என்றார் கணவர். முந்தைய நாள்கூட அந்தச் சைக்கிள் அங்கேயேதான் இருந்தது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பேச்சை எடுத்திருந்தால் சண்டையாகியிருக்கும். முதல் நாள் வேலைக்குப் போனவள் மனம் வேலையிலா இருக்கும்? எதையோ கூட்டினேன், எதையோ கழித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அந்தச் சின்ன அறைக்குத்தான் போனேன். கதவைத் திறந்தால், சுவரோடு சுவராக ஒரு கட்டில் முழு அறையையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. நிற்கக்கூட இடமில்லை. மேலே என் புடவைகள் குவிந்திருந்தன. அம்மாவின் சாமான் ஒன்றுகூட அங்கே இல்லை. அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன். சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன்.

அப்போது வீட்டின் முன்பக்கத்திலிருந்து அம்மாவின் இருமல் கேட்டது.

எங்கள் படுக்கையறையில், ஜன்னலோரத்தில், புதிதாகப் போட்ட ஒற்றைக் கட்டிலில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய பெட்டிகள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? மொகம் என்ன இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள். நான் அவள் மடியில் முகத்தை வைத்து நன்றாக அழுதேன். இத்தனை நாள் பிடித்துவைத்திருந்த மூச்சு அன்றுதான் வெளியே வந்தது.

கணவர் கொசுவலையோடு கடையிலிருந்து திரும்பினார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்த ரூம்ல காத்து வராதுல்லே. இதுல பாத்ரூமும் உள்ளேயே உண்டு. அத்தைக்கு முட்டுவலியாக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து எதையும் கூட்டாமல் வந்த வார்த்தைகளை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா போன் செய்தார். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"எக்கா, சௌரியமாப் போய்ச் சேந்தியா? மாப்ள சொன்ன மாதி நடந்துக்கிட்டாரா?"

"இல்லலே தம்பி. சொன்ன மாதி இல்ல."

"என்னக்கா சொல்லுதே?"

"எனக்கு ஒரு ரூம் தாரேன்னுதானே சொன்னாரு? அவுக ரூமையே எனக்குத் தந்துட்டு, அவரும் எம் மவளும் அடுப்படிப் பக்கம் இருட்டு ரூம்ல கெடக்கப் போறாவளாம்ல."