மூன்று மணி இருபது நிமிடம்

கிலோமீட்டர் அக்கா என்றால்தான் விமான நிலையத்தில் அவளைத் தெரியும். விசாரணைப் பிரிவில் பத்தொன்பது வருடமாகத் தொலைபேசி எடுக்கிறாள். எந்த ஊர் எவ்வளவு தூரம், பறக்க எத்தனை நேரம் என்று கேட்டால் கணினிப் பக்கம் திரும்பவே மாட்டாள். “தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எதிர்க்காத்தையும் சேர்த்துச் சொல்லுவா” என்பாள் பக்கத்து நாற்காலிக்காரி.

அண்ணன் இருந்த ஊர் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். மூன்று மணி இருபது நிமிடம். ஒரு கல்யாண வீட்டில் வார்த்தை தடித்து, ஏழு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அவரே இறங்கி வந்து, “நான் வரட்டுமா?” என்று கேட்டார். அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு அவர் விமானம் கிளம்பியது.

பத்து ஐம்பதுக்கு விசாரணை மேசையில் மணி அடித்தது.

“நான்தாம்மா. இறங்கிட்டேன். எங்க இருக்கே?”

திரையைப் பார்த்தாள். விமானம் பாதித் தூரம்கூட வரவில்லை. “விளையாடாதேண்ணா. இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு.”

“வெளி வாசல்லதான் நிக்கிறேன். கூப்பிட வந்தவங்கன்னு ஒரு ஈ காக்கா இல்ல. லைட்டையெல்லாம் ஏன் அணைச்சு வெச்சிருக்கீங்க?”

இணைப்பு அறுந்தது. வாசலுக்கு ஓடினாள். சுள்ளென்ற வெயில், எள் போட்டால் விழாத கூட்டம். அண்ணன் இல்லை. திரும்பி வந்து பதிவைத் தேடினால், பத்து ஐம்பதுக்கு அழைப்பு எதுவுமே வந்திருக்கவில்லை.

சரியாக ஒரு மணிக்கு விமானம் இறங்கியது. கூட்டத்தோடு கூட்டமாக அண்ணன் வந்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அவர் முகம்தான் உம்மென்று இருந்தது.

“இவ்வளவு நேரமா நிக்க வெச்சுட்டியேம்மா” என்றார், காரில் ஏறியதும்.

“எங்கண்ணா நின்னே?”

“வாசல்லதான். உனக்கு போன் பண்ணினேனே, கட்டாயிடுச்சு. அப்புறம் என்கூட இறங்கினவங்க எல்லாரும் வாயே திறக்காம வரிசையா விமானத்துக்குள்ள திரும்பிப் போனாங்க. நானும் போனேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் மட்டும் வரல. ‘எனக்கு ஆள் வந்தாச்சு தம்பி, நீங்க போங்க’ன்னு நடந்துட்டார். அங்க யாருமே இல்லம்மா. அப்புறம் கண்ணத் திறந்தா விமானம் இறங்கிட்டிருக்கு.”

“கனவு கண்டிருப்பே” என்றாள். போன் வந்ததை அவள் சொல்லவில்லை.

மறுநாள் பக்கத்து நாற்காலிக்காரி குரலைத் தாழ்த்தினாள். “உங்கண்ணன் வந்த விமானத்துல ஒரு பெரியவர் சீட்டுலயே போயிட்டாராம். தூங்குறார்னு விட்டுட்டாங்களாம்.”

இருக்கை எண்ணைக் கேட்டாள். அண்ணனுக்குப் பக்கத்து இருக்கை.

பத்து நாள் தங்கினார் அண்ணன். பழைய சண்டையை இருவருமே எடுக்கவில்லை. திரும்பும்போது, என்ன சொல்லியும் கேளாமல், இரண்டரை நாள் ரயிலில் போனார். அவள் எப்போதும்போல வேலைக்குப் போனாள். மணி அடித்தால் எடுக்குமுன் ஒரு நொடி தயங்கினாள், அவ்வளவுதான்.

மாதம் ஒன்று கழித்து அண்ணன் போனில் கேட்டார்: “அந்தப் பெரியவர் இருட்டுல தனியா நடந்தாரே, நல்லபடியா போய்ச் சேர்ந்தாரோ என்னவோ?”



“போய்ச் சேர்ந்துட்டார்ணா.”